முன்மொழிந்தவர் பாவாயி

கருங்கரட்டூர் ஊராட்சியின் நான்காவது வார்டில் நாற்பத்திரண்டு வீடுகள் இருக்கின்றன. அவற்றின் முதுகுப்புறமாக ஒரு பள்ளம் ஓடுகிறது. ஓடுகிறது என்ற சொல் அதற்கு ஆண்டில் பத்து நாள் மட்டுமே பொருந்தும். மற்ற நாட்களில் அது சீமைக்கருவேல முள்ளும் கிழிந்த சாக்கும் அடைந்து கிடக்கிற நீளமான குழி. ஆனால் ஐப்பசியில் கரட்டுக் குன்றின் மேல் ஒரு மணி நேரம் விடாமல் பெய்துவிட்டால், அந்தத் தண்ணீர் அத்தனையும் இந்தப் பள்ளத்தின் வழியாகத்தான் ஊர்க்குட்டைக்குப் போயாக வேண்டும். பள்ளத்தில் இடம் இல்லாத ஆண்டுகளில் அது வீடுகளுக்குள் புகுந்து போகும்.

2017 ஐப்பசியில் அப்படித்தான் போனது. பாவாயியின் மகள் இலக்கியா அப்போது பத்தாம் வகுப்பு. அவளுடைய புத்தகங்கள் முழுவதும் ஊறி, காய வைத்தபோது அப்பளம் போல் நெளிந்துவிட்டன. அடுத்த வீட்டு ராமாயியின் இரண்டு ஆட்டுக்குட்டிகள் கட்டிய இடத்திலேயே மூழ்கிப்போயின. தெருவே கூடி ஊராட்சி அலுவலகத்துக்குப் போனது. "பாக்கலாம்" என்ற ஒரே சொல்லோடு திரும்பி வந்தது.

பாவாயி இளம்பிள்ளை ஊர்ப் பக்கம் பிறந்தவள். எட்டாவது வரை படித்தாள். பத்தொன்பது வயதில் அங்கமுத்துவைக் கட்டிக்கொண்டு கருங்கரட்டூர் வந்தாள். அங்கமுத்து ரிக் வண்டியில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் வேலைக்காரர். ஆண்டில் பத்து மாதம் வடக்கே ஏதாவதொரு மாநிலத்தில் இருப்பார். ஊரில் வீடு, மகள், ரேசன் கடை, ரத்த அழுத்தம் எல்லாவற்றையும் பாவாயி ஒற்றை ஆளாகச் சுமந்தபடி, இருபத்தாறு ஆண்டுகள் தறிப்பட்டறையில் ஊடை நூலைக் குச்சியில் ஏற்றித் தார் சுற்றினாள். நூல் எந்த இடத்தில் இழைவிடும் என்று அவளுடைய விரல்களுக்கு முன்கூட்டியே தெரியும். வேறு எதிலும் தனக்குத் திறமை உண்டு என்று அவள் நினைத்ததில்லை.

2019 டிசம்பரில் உள்ளாட்சித் தேர்தல் வந்தபோது நான்காவது வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. தெருக்காரர்கள் அவளை நிற்கச் சொன்னார்கள். வீடு வீடாகப் போய் அவள் பேசியது இரண்டே வாக்கியம்: "பள்ளத்தைச் சுத்தம் பண்ணிக் குடுக்கறேன். வேற ஒண்ணும் எனக்குத் தெரியாது சாமி." பதினோரு ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தாள்.

முதல் கூட்டம் ஜனவரியில் நடந்தது. ஒன்பது உறுப்பினர்களில் நான்கு பேர் பெண்கள். பாவாயியைத் தவிர மற்ற மூன்று பெண்களின் கணவன்மார்களும் முன்னதாகவே வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்கள். பெண்கள் சுவரோரம் நின்றார்கள். தலைவர் அப்புசாமி, ஊரில் பாதி விவசாயக் காட்டுக்குச் சொந்தக்காரர், செல்போனில் கோழித்தீவனத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அப்போது ஊராட்சிச் செயலர் தண்டாயுதபாணி எழுந்து வந்தான். ஊருக்குள் அவன் பெயர் கிளார்க். வயது நாற்பதுக்குள் இருக்கும். மடிப்புக் கலையாத சட்டையும் அடக்கமான குரலும் கொண்டவன்.

"நாலாவது வார்டு மெம்பர் நீங்கதானுங்க்கா? ஏன் நிக்கறீங்க? ஊட்டுக்காரரு வரலீங்களா?"

"அவரு பூமியத் தொளைக்கப் போயிருக்காருங்க தம்பி."

எல்லோரும் சிரித்தார்கள். தண்டாயுதபாணி சிரிக்காமல் அந்த மூன்று கணவன்மார்களின் பக்கம் திரும்பினான். "மாமா, கோவிச்சுக்காதீங்க. டீ வெளியில வருது. உள்ள மெம்பருங்கதான் உக்காரணும்." அவர்கள் முணுமுணுத்துக்கொண்டே வெளியேறினார்கள். அவன் ஒரு நாற்காலியைத் துடைத்து பாவாயியின் முன்னால் நகர்த்தினான். அவளுக்காக ஒருவர் நாற்காலி துடைத்தது அதுதான் முதல் தடவை. உடன்பிறந்த தம்பி இல்லாத குறை அன்றைக்குத் தீர்ந்தது என்று அங்கமுத்துவிடம் போனில் சொன்னாள்.

அடுத்த மாதமே அவன் பள்ளத்தின் புல வரைபடத்தை எடுத்துவந்தான். இருவரும் முள்ளுக்குள் இறங்கினார்கள். டேப்பின் ஒரு முனையைப் பாவாயி பிடித்தாள், மறுமுனையை அவன் பிடித்தான்.

"வரைபடத்துல பதினெட்டு அடிங்க்கா. நெலத்துல பாருங்க, ஏழடிதான் நிக்குது."

"மிச்சம் பதினோரு அடி எங்க தம்பி போச்சு?"

"கொஞ்சம் மண்ணு, கொஞ்சம் முள்ளு, கொஞ்சம் பக்கத்துக் காட்டுக்காரரு."

அந்த மூன்றையும் வெளியேற்ற அவளுக்கு ஒன்றரை ஆண்டு பிடித்தது. மனுக்களை எல்லாம் அவனே எழுதினான். ஒன்றிய அலுவலகத்துக்கு எந்தக் கிழமையில் போனால் யார் இருப்பார் என்று அவனே சொன்னான். 2021 ஆவணியில் நூறு நாள் வேலையில் பள்ளம் தூர்வாரப்பட்டு, முழுப் பதினெட்டு அடிக்கும் கரை கட்டப்பட்டது. வேலை நடந்த நாட்களில் பாவாயி பட்டறைக்கு லீவு சொல்லிவிட்டுக் கரையிலேயே நின்றாள். அந்த ஐப்பசியிலும் அடுத்த ஐப்பசியிலும் தண்ணீர் சேறும் நுரையுமாகப் பள்ளத்தோடு போனது. ஒரு வீட்டு வாசல்கூட நனையவில்லை. "இனி இது பாவாயி பள்ளம்" என்று ராமாயி அறிவித்தாள். "செத்தாலும் உம் பேரு போகாது, சாக்கடைக்குப் பேரா இருக்கும்." பாவாயிக்கு அந்தக் கேலி மிகவும் பிடித்திருந்தது.

இங்கே கருங்கரட்டூரின் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். ஊராட்சியில் தீர்மானப் புத்தகம் என்று ஒன்று உண்டு. கூட்டத்தில் பேசி முடிவானதை அதில் எழுதி, கடைசியில் உறுப்பினர்கள் கையெழுத்திட வேண்டும் என்பது விதி. இங்கே நடந்தது வேறு. கூட்டம் காலை பத்தரைக்கு. பதினொன்றரைக்குள் தறிக்கும் காட்டுக்கும் திரும்பியாக வேண்டிய மனிதர்கள் அவர்கள். அதனால் தண்டாயுதபாணி புத்தகத்தில் இரண்டு பக்கங்களை வெறுமையாக விட்டு, மூன்றாம் பக்கத்தின் அடியில் கையெழுத்து வாங்கிக்கொள்வான். பேசியதைப் பிறகு நிதானமாக எழுதுவான். அவனுக்கு முன்பிருந்த கிளார்க்கும் அப்படித்தான், அவருக்கு முன்பிருந்தவரும் அப்படித்தான். எழுதியதைக் காட்டு என்று கேட்பது, சோறு போட்டவரிடம் உப்பைச் சோதித்துக் காட்டச் சொல்வது போன்ற அவமரியாதையாக எண்ணப்பட்டது.

ஏழாவது வார்டு சின்னண்ணன் மட்டும் ஒரு தடவை கேட்டார். அறுபது வயது, மரவள்ளிக்காரர், எதையும் இரண்டு தடவை எண்ணிப் பார்க்கிற ஆள்.

"வெறும் தாள்ல எப்படிக் கையெழுத்துப் போடறது? மேல என்ன வருமோ."

தண்டாயுதபாணியின் முகம் சுருங்கியது. பாவாயிக்கு அது பொறுக்கவில்லை. "ஏனுங்கண்ணா, தம்பி உங்க காட்டையா எழுதி வாங்கப் போகுது? இப்படிச் சந்தேகப்பட்டா ஊட்ல பொண்டாட்டி வெக்கற கொழம்பக்கூடக் குடிக்க முடியாதுங்க. போடுங்க." அறை சிரித்தது. சின்னண்ணன் காது சிவக்கக் கையெழுத்துப் போட்டார். அதன் பிறகு யாரும் கேட்கவில்லை.

2024 ஜூன் பதினெட்டாம் தேதி, செவ்வாய்க்கிழமை. பட்டறையில் இருந்த பாவாயிக்கு ராமாயியிடமிருந்து போன் வந்தது. "மெம்பரே, பள்ளத்துல பொக்லைன் எறங்கியிருக்குது. ஓடி வா."

அவள் போனபோது தெருப் பெண்கள் இருபது பேர் இயந்திரத்துக்கு முன்னால் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பள்ளத்தின் அக்கரையில் ஒன்பது ஏக்கர் மேட்டுக்காட்டை வாங்கி வீட்டுமனையாகப் பிரித்திருந்த நவநீதகிருஷ்ணன் காரைவிட்டு இறங்காமல் கண்ணாடியை மட்டும் இறக்கியிருந்தார். மனைகளுக்குப் பாதை பள்ளத்தின் குறுக்கே வர வேண்டும். கரையில் இரண்டே இரண்டு சிமெண்டுக் குழாய்கள் கிடந்தன. ஒரு நாய் படுத்தால் அடைத்துக்கொள்ளும் அளவு வாய்.

"பதினெட்டு அடிப் பள்ளத்தை இந்தக் குழாய்க்குள்ள நொழைக்கப் போறீங்களா?" என்று பாவாயி கேட்டாள். "ஆரு உங்களுக்குப் பர்மிசன் குடுத்தது?"

"நீங்க ஆருங்க?"

"நான் இந்த வார்டு மெம்பரு. பாவாயி."

அவர் ஒரு கணம் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு உண்மையான வியப்போடு, "அட, நீங்கதானுங்களா? நீங்களே குடுத்துட்டு நீங்களே கேக்கறீங்க" என்று ஒரு நகலை நீட்டினார்.

ராமாயியின் மருமகள் சண்முகப்பிரியா அதை வாங்கி, உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி உரக்கப் படித்தாள். 2023 மார்ச் கூட்டம், தீர்மானம் எண் பதினொன்று. நான்காவது வார்டில் பதினெட்டு அடி அகலமுள்ள ஓடைப் புறம்போக்கின் குறுக்கே முப்பது அடிப் பாதை அமைக்கவும், ஓடை நீர் செல்ல இரண்டடிக் குழாய்கள் இரண்டு பதிக்கவும் ஊராட்சி மன்றத்துக்கு ஆட்சேபணை இல்லை. முன்மொழிந்தவர், திருமதி அ. பாவாயி. வழிமொழிந்தவர், திரு. சின்னண்ணன்.

படித்து முடித்தபோது பொக்லைன் ஓட்டுநர் இயந்திரத்தை அணைத்திருந்தார். அந்த அமைதியில் ராமாயி எழுந்து சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள்.

"நாங்க வெயில்ல குந்தியிருக்கோம். நீ ஒரு வருசத்துக்கு முந்தியே கையெழுத்துப் போட்டுட்டு, இன்னைக்கு வந்து எங்ககூட நிக்கறியா?"

"அக்கா, சத்தியமா எனக்குத் தெரியாது."

"உங் கையெழுத்து உனக்குத் தெரியாதா?"

பெண்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். யாரும் அவளைத் திட்டவில்லை. வழியில் நிற்கும் மின்கம்பத்தை விலகிப் போவது போல் அவளைச் சுற்றிக்கொண்டு நடந்தார்கள். பிற்பகலுக்குள் குழாய்கள் பள்ளத்தில் இறங்கிவிட்டன.

மறுநாள் அவள் ஊராட்சி அலுவலகத்துக்குப் போனாள். தண்டாயுதபாணி தனியாக இருந்தான். புத்தகத்தைக் கேட்டாள். அவன் தயங்காமல் அந்தப் பக்கத்தைத் திருப்பி அவள் பக்கம் நகர்த்தினான். மணிமணியான எழுத்து. அடியில் இருந்த கையெழுத்து அவளுடையதுதான்.

"இதை எப்போ எழுதினீங்க தம்பி?"

"கூட்டம் முடிஞ்சு மூணு நாள் கழிச்சுங்க்கா."

"இதைப் பத்திக் கூட்டத்துல ஒரு பேச்சுக்கூட வரலியே."

"தலைவரு பொறவு சொன்னாருங்க. எழுதச் சொன்னா எழுதறதுதானுங்க என் வேலை."

"எம் பேரைப் போடச் சொன்னதும் தலைவருதானா?"

அவன் பேனாவை மூடினான். பொய் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அவளுக்கு அந்தப் பொய்யைக் கட்டிக்கொண்டு பிழைக்க ஒரு வழி கிடைத்திருக்கும்.

"இல்லீங்க்கா. அது நானாப் போட்டது. வேற வார்டுக்காரரு பேரைப் போட்டா மேல கேள்வி வரும். பள்ளத்துக்காக அலைஞ்சவங்க நீங்க. உங்க பேரு இருந்தா ஆரும் ஒண்ணும் கேக்கமாட்டாங்கன்னு..."

"அதனால எம் பேரு."

"ஆமாங்க்கா."

"பதினெட்டு அடின்னு சரியா எழுதியிருக்கீங்க."

அவன் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்து மூடினான்.

"டேப்போட அந்த முனைய நாந்தானே தம்பி புடிச்சேன்? முள்ளுக் குத்தி என்ற கால்ல ரத்தம் வந்துது. நீங்கதான் கர்சீப்பக் கிழிச்சுக் கட்டுனீங்க."

"அக்கா, அது வேறங்க, இது வேறங்க." அவன் குரல் முன்னைப் போலவே அடக்கமாக இருந்தது. "மனு எழுதறதுன்னா எழுதுங்க, நான் தடுக்கல. ஆனா என்னன்னு எழுதுவீங்க? வெத்துத் தாள்ல கையெழுத்துப் போட்டேன்னா? அப்படின்னா நாப்பத்தேழு கூட்டத்துலயும் போட்டிருக்கீங்க. பள்ளத்தைத் தூர்வாரச் சொன்ன தீர்மானமும் அந்த மாதிரி எழுதினதுதானுங்க. தப்புன்னா எல்லாமே தப்பு. மெம்பர் மேலயும்தான் நடவடிக்கை வரும். உங்க நல்லதுக்குச் சொல்றேன்."

அவள் எழுந்தாள். நாற்காலியை உள்ளே தள்ளிவிட்டு வெளியே வந்தாள்.

அதுவரை அவளுடைய மனு ஒவ்வொன்றையும் எழுதியவன் அவன். இப்போது எழுத ஆள் இல்லை. திருச்செங்கோட்டில் கட்டிக்கொடுத்த இலக்கியாவைக் கூப்பிட மனம் வரவில்லை. மகள் கேட்டால் முதலிலிருந்து சொல்ல வேண்டும். மூன்று நாள் உட்கார்ந்து, நான்கு தாள் கிழித்து, ஐந்தாவது தாளில் எழுதி முடித்தாள். "கையெழுத்து என்னுடையது. தீர்மானம் என்னுடையது இல்லை. நான் நான்கரை ஆண்டாக எழுதாத தாளில் கையெழுத்துப் போட்டு வந்தேன். அது என் தப்பு. ஆனால் பள்ளத்தை அடைக்க நான் சொல்லவில்லை. குழாயை எடுத்துவிட்டு அளவுப்படி பாலம் கட்ட வேண்டும்." தன் தப்பையும் சேர்த்து எழுதினால்தான் மற்றதை நம்புவார்கள் என்று அவள் கணக்குப் போட்டாள்.

ஒன்றிய அலுவலகத்திலிருந்து விசாரணைக்கு ஒருவர் ஆகஸ்டில் வந்தார். உறுப்பினர்கள் ஒவ்வொருவரும் வாக்குமூலம் தர வேண்டும். விசாரணைக்கு முதல் நாள் மாலையே பாவாயி சின்னண்ணனின் காட்டுக்குப் போனாள். அவர் மரவள்ளிக்குத் தண்ணீர் திருப்பிக்கொண்டிருந்தார்.

"அண்ணா, உங்க பேரையும்தான் வழிமொழிஞ்சதாப் போட்டிருக்குது. வெத்துத் தாள்லதான் போட்டோம்னு நீங்களும் சொல்லுங்க. ரெண்டு பேரு சொன்னா நிக்கும்."

சின்னண்ணன் மண்வெட்டியை வரப்பில் ஊன்றினார்.

"அன்னைக்கு நான் மாட்டேன்னு சொன்னேன் அம்மிணி. நீதான் எம் பொண்டாட்டி கொழம்பை இழுத்துப் பேசிப் போட வெச்சே. நாலு பேரு முன்னால சிரிச்சே."

"தப்புத்தாங்கண்ணா. அதுக்குத்தான் வந்திருக்கறேன்."

"இப்ப வந்து, போட்டது தப்புன்னு எழுதிக் குடுங்கறே. நான் என்னன்னு எழுதறது? அறுபது வயசுல ஒரு பொம்பள சொன்னான்னு கண்ணை மூடிக்கிட்டுப் போட்டேன்னா? உம் பேச்சைக் கேட்டு ஒருக்காக் கெட்டது போதும். நான் படிச்சுப் பாத்துத்தான் போட்டேன்னு சொல்லிட்டுப் போயிடுவேன். எனக்கு அதுதான் மருவாதி."

அவர் சொன்னபடியே செய்தார். மற்ற ஏழு பேரும் அதையே சொன்னார்கள். அலுவலர் எல்லாவற்றையும் பொறுமையாக எழுதிக்கொண்டார். கோப்பு மேலே போயிருக்கிறது, பதில் வரும் என்று பாவாயியிடம் சொல்லிவிட்டுப் போனார்.

ஐப்பசிதான் முதலில் வந்தது. ஒரே மழையில் குழாய்களின் வாயில் முள்ளும் குப்பையும் அடைத்துக்கொண்டன. புதிய பாதை அணை போல் நிற்க, தண்ணீர் பின்வாங்கிப் பத்தொன்பது வீடுகளுக்குள் ஏறியது. பாவாயி முதலில் ராமாயியின் வீட்டுக்குத்தான் ஓடினாள். கட்டில் காலுக்குச் செங்கல் வைத்துக்கொண்டிருந்த ராமாயி நிமிராமலே சொன்னாள். "உன்ற ஊட்டப் போய்ப் பாரு. இங்க ஆளு இருக்குது." சண்முகப்பிரியா தலையைக் குனிந்துகொண்டு அரிசிச் சாக்கை மேலே ஏற்றினாள். பாவாயி சேற்றில் காலை ஊன்றி ஊன்றித் தன் வீட்டுக்குத் திரும்பினாள்.

2025 ஜனவரி ஐந்தாம் தேதியோடு மன்றத்தின் பதவிக்காலம் முடிய இருந்தது. கடைசிக் கூட்டம் டிசம்பர் முப்பதாம் தேதி நடந்தது. தலைவர் மைசூர்பாகும் மிக்சரும் வாங்கி வைத்திருந்தார். கருங்கரட்டூரின் வரலாற்றில் முதன்முறையாகத் தீர்மானங்கள் கூட்டத்துக்கு முன்பே முழுதாக எழுதப்பட்டிருந்தன. புத்தகம் கைமாறிக் கைமாறி வந்தது. எட்டுப் பேரும் ஒரு கையில் இனிப்போடு, பக்கத்தைப் புரட்டாமல், அடியில் கையெழுத்துப் போட்டார்கள். வழக்கம் மாறவில்லை, எழுதும் வேளை மட்டுமே மாறியிருந்தது.

புத்தகம் பாவாயியிடம் வந்தபோது அவள் முதல் வரியிலிருந்து படிக்கத் தொடங்கினாள். எழுத்துக் கூட்டாமல்தான் படித்தாள், ஆனால் நிதானமாக. மிக்சர் தீர்ந்தது. யாரோ கடிகாரத்தைப் பார்த்தார்கள்.

"பரிச்சைக்கா படிக்கறே?" என்றார் அப்புசாமி. "நேரமாகுது அம்மிணி."

அவள் நிமிரவில்லை. ஆறாவது தீர்மானத்தில் விரலை வைத்தாள். இந்த மன்றத்தின் காலத்தில் நிறைவேறிய அனைத்துத் தீர்மானங்களும் உறுப்பினர்கள் படித்துப் பார்த்து, முழுச் சம்மதத்துடன் கையொப்பமிட்டவையே என மன்றம் ஒருமனதாக உறுதி செய்கிறது.

இதில் கையெழுத்துப் போட்டால், மேலே போன கோப்பில் இருக்கும் அவளுடைய மனுவை அவளே பொய் என்று சொன்னதாகும். இதையும் அவன்தான் எழுதியிருக்கிறான். அதே மணிமணியான எழுத்து.

தண்டாயுதபாணி அருகில் வந்து குனிந்தான். "ஒண்ணுமில்லீங்க்கா. கடைசிக் கூட்டம்ங்கறதால எல்லா ஊராட்சியிலயும் எழுதறதுதான். போடுங்க." ஐந்து ஆண்டுக்கு முன் நாற்காலி துடைத்துப் போட்ட அதே குரல். அந்தக் குரலில் குற்ற உணர்வின் சாயல் எங்காவது இருக்குமா என்று பாவாயி ஒரு கணம் தேடினாள். இல்லை. அன்றைக்கும் அவன் தன் வேலையைத்தான் பார்த்திருக்கிறான், இன்றைக்கும் தன் வேலையைத்தான் பார்க்கிறான். தம்பி என்று எண்ணிக்கொண்டது அவள் மட்டும்தான்.

"பேனாவக் குடுங்க கிளார்க்கு" என்றாள்.

அந்தச் சொல்லில் அவன் முகம் லேசாக அசைந்தது. கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் அவள் நிறுத்தி நிறுத்தி எழுதினாள்: "ஆறாவது தீர்மானம் உண்மை இல்லை. நான் படிக்காமல் போட்டேன். மற்றவர்களும் அப்படித்தான். இதற்கு எனக்குச் சம்மதம் இல்லை. அ. பாவாயி, வார்டு 4." தேதியையும் போட்டாள்.

அப்புசாமி எட்டிப் பார்த்துவிட்டு, ஒருமனதாக என்ற சொல்லை அடித்துவிட்டுப் பெரும்பான்மையாக என்று மாற்றச் சொன்னார். தண்டாயுதபாணி அழகாக மாற்றினான். சின்னண்ணன் சன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். தீர்மானம் நிறைவேறியது.

அவள் தெருவுக்குத் திரும்பியபோது குடிநீர்க் குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. ராமாயி குடம் பிடித்துக்கொண்டிருந்தாள். ஆறு மாதமாகத் தானாக அவளிடம் பேசாதவள், அன்று கேட்டாள்.

"என்ன, கடைசிக் கூட்டம் முடிஞ்சுதா மெம்பரே?"

"முடிஞ்சுதுங்க்கா. எல்லாம் சரியாத்தான் நடந்துதுன்னு எழுதிட்டாங்க. எட்டுப் பேரு போட்டாங்க. நான் படிச்சுப் பாத்துட்டு, மாட்டேன்னு எழுதிட்டு வந்துட்டேன்."

"அப்ப பாதைய எடுப்பாங்களா?"

"தெரியலீங்க்கா. எடுக்கமாட்டாங்கன்னுதான் நெனைக்கறேன்."

ராமாயி நிறைந்த குடத்தை இடுப்பில் ஏற்றினாள். முகத்தில் கோபம் இல்லை. களைப்புதான் இருந்தது.

"இந்தப் படிப்பை நீ அன்னைக்கே படிச்சிருக்கலாம்" என்றாள்.

பாவாயி தன் குடத்தைக் குழாயடியில் வைத்தாள்.